மட்டக்களப்பு வெயிலுக்கு வீட்டுச் சீரம்: எதைக் கலக்கலாம், எதைக் கடையில வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

போன கிழமை என்ட மச்சாள் ஆரையம்பதியில இருந்து வரக்குள்ள ஒரு துண்டில எழுதிக்கொண்டு வந்தா. விட்டமின் சி பவுடர், ரெட்டினோல், நியாசினமைட், கத்தாழை, தேசிக்காய், விட்டமின் ஈ குளிசை. "இவ்வளவையும் ஒரு போத்தலுக்க ஊத்திக் கலக்கினா முகமும் தெளிஞ்சு சுருக்கமும் போயிருமாகா?" எண்டு கேட்டா. அவவுக்கு 39 வயசு, காலையில பவுடர் போட்டா 11 மணிக்கு நெத்தி மினுங்கத் தொடங்கிரும், கன்னத்தில பழைய பரு விட்டுப்போன கறுப்பு அடையாளம் அப்பிடியே கிடக்கு, கண்ணுக்குப் பக்கத்தில இப்பதான் மெல்லிசாக் கோடு தெரியுது. என்ட முகமும் கிட்டத்தட்ட அதுதான், மூணு நாலு வருசமா நான் வீட்டில இதுகளைக் கலந்து பாத்துப் பழகின ஆள், அதால அவவுக்குச் சொன்னதை இங்க கொஞ்சம் விரிவா எழுதுறன், ஏனெண்டா இதே கேள்வியை என்னட்டக் கேக்கிற ஆக்கள் கனபேர்.

முதல்ல ஒரு விசயம் தெளிவா இருக்கோணும். முகம் தெளியிறது எண்டா வெள்ளையாகிறது இல்ல. எங்கட தோல் பருவுக்கோ கீறலுக்கோ வெயிலுக்கோ கொஞ்சம் காயப்பட்டாலும் அந்த இடத்தில மெலனின் எண்ட நிறப்பொருளைக் கூடச் சுரக்கும், பரு காஞ்சாலும் அந்தக் கறுப்பு மாசக்கணக்கா நிக்கும், மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில அது இன்னும் கூட. சீரம் எண்டுறது முகத்தில பூசுற மெல்லிய திரவம், அதால செய்ய ஏலுமான வேலை அந்த அடையாளத்தை மெல்ல மெல்ல மங்க வைக்கிறதும் முகத்தை ஒரே சீராக் காட்டுறதும்தான். பிறந்த நிறத்தை மாத்தித் தாறன் எண்டு ஆராவது சொன்னா அந்தப் பொருளுக்க என்ன கிடக்கு எண்டு பயப்பட வேணும், அதைப் பிறகு சொல்றன்.

சரி, துண்டில இருந்த தேசிக்காயில இருந்து தொடங்குவம், ஏனெண்டா எல்லாரும் முதல்ல கைவைக்கிறது குசினியிலதான். தேசிக்காய்ப் புளியில விட்டமின் சி இருக்கு எண்டுறது உண்மை, ஆனா எவ்வளவு? 100 கிராம் புளியில கிட்டத்தட்ட 30 மில்லிகிராம், அதாவது 0.03 வீதம். கடையில விக்கிற விட்டமின் சி சீரத்தில 10 வீதம், 15 வீதம் இருக்கும். முன்னூறு மடங்கு வித்தியாசம், அப்ப தேசிக்காய் பூசினா கிடைக்கிறது விட்டமின் சி இல்ல, வெறும் புளி. அதோட தேசிக்காய்த் தோலிலயும் புளியிலயும் ஃபியூரோகூமரின் எண்ட ஒரு சாதிப் பொருள் இருக்கு, அது தோலில பட்டு மறுகா வெயில் பட்டா அந்த இடம் சிவந்து, சில பேருக்குக் கொப்புளிச்சு, கடைசியில கறுத்துப் போயிரும். அடையாளம் போகப் பூசினது புது அடையாளத்தைக் கொண்டு வந்து விடும். கல்லடிக் கடற்கரையில சர்பத்துக்குத் தேசிக்காய் பிழிஞ்ச கையைக் கழுவாம வெயிலுக்க நிண்டு விரலிடுக்கெல்லாம் கறுத்துப்போன ஒராளை எனக்குத் தெரியும், ரெண்டு மாசத்துக்கு மேல எடுத்தது அது மங்க.

கத்தாழை பிரச்சினையில்ல, அப்ப அப்ப வெட்டி மஞ்சள் பாலை வடிய விட்டிட்டு உள்ளுக்க இருக்கிற கண்ணாடிச் சதையைப் பூசினா குளிர்ச்சிதான். ஆனா அதை அரைச்சுப் போத்தலில விட்டு வைக்கிறது வேற கதை, எங்கட சூட்டுக்கு வெளியில வச்சா ஒரு நாளிலயே புளிச்ச மணம் வந்திரும், பிரிட்ஜில வச்சாலும் நாலஞ்சு நாள். மணம் வரமுதலே கிருமி பெருகிரும் எண்டுறதுதான் இதில மோசம். என்ட பெத்தா பயத்தம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைச்சு முகம் கழுவினவ, அது அப்பப்பக் குழைச்சு அப்பவே கழுவி விடுற சாமான், எண்ணெயை எடுக்கும், கெட்டுப்போக நேரமில்ல. அதை நான் இண்டைக்கும் குறை சொல்ல மாட்டன். சீரம் வேலையை அதிட்ட எதிர்பாக்காம இருந்தாச் சரி.

இப்ப பெரிய கேள்விக்கு வாறன், விட்டமின் சியா நியாசினமைட்டா. இன்டர்நெட்டில வீட்டுச் சீரம் எண்டு தேடினா முதல்ல வாறது விட்டமின் சிதான், நானும் அதிலதான் தொடங்கினன். நல்ல சாமான், அதில மறுபேச்சில்ல. எல்-அஸ்கோர்பிக் அசிட் எண்ட அசல் விட்டமின் சி மெலனின் உண்டாகிறதைக் குறைக்கும், தோலை இறுக்கிப் பிடிக்கிற கொலாஜன் உண்டாகிறதுக்கு அது கட்டாயம் வேணும், வெயில் செய்யிற சேதத்தையும் கொஞ்சம் தாங்கும். மச்சாள் கேட்ட ரெண்டு வேலையையும் ஒரே சாமான் செய்யுது. பிறகென்ன?

அது நிண்டு பிடிக்காது, அதுதான் பிரச்சினை. தோலுக்க இறங்க வேணுமெண்டா கரைசலின்ட பி.எச். (புளிப்பைக் காட்டுற எண், குறையக் குறையப் புளிப்புக் கூட) 3.5க்குக் கீழ இருக்கோணும், அவ்வளவு புளிப்பான தண்ணியில அது காத்துக்கும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் உடைஞ்சு போகும், தண்ணியில இரும்போ செம்போ துளி கிடந்தாலும் இன்னும் கெதியா. 2022 மார்ச்சில நான் முதல் தரம் கலந்தன், 30 கிராம் போத்தல், 15 வீதம் எண்டு 4.5 கிராம் பவுடர், காய்ச்சி ஆறின கிணத்துத் தண்ணி. காய்ச்சினா கிருமி சாகும், இரும்பும் உப்பும் போகாது எண்டுறது அப்ப எனக்கு விளங்கேல்ல. அந்த மாசக் கடைசியிலதான் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினது, பிரிட்ஜ் பிரிட்ஜா இருக்கேல்ல, வெறும் அலுமாரி. கலந்த அண்டைக்குப் பச்சைத்தண்ணி மாதிரி இருந்தது, ரெண்டாம் கிழமை இளமஞ்சள், நாலாம் கிழமை வெறுந்தேத்தண்ணிக் கலர். நானும் காசு போட்ட சாமான் எண்டு விடாமப் பூசினன், தலகணி உறையில மஞ்சள் கறை, உள்ளங்கையில கறை, கன்னத்திலயும் ஒரு மங்கல் மஞ்சள். பழுதாப்போன விட்டமின் சி தோலிலயே சாயம் பிடிக்கும் எண்டு பிறகுதான் வாசிச்சன். முகம் தெளியப் பூசினது முகத்துக்குச் சாயம் போட்டது.

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கு. விட்டமின் சி 15 வீதம், விட்டமின் ஈ 1 வீதம், செடியில இருந்து எடுக்கிற பெரூலிக் அசிட் 0.5 வீதம் எண்டு சேத்தா கரைசல் கூட நாள் நிக்கும், வெயிலுக்கு எதிரான பாதுகாப்பும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், 2005ல ஆராய்ச்சியில காட்டின விசயம் அது. ஆனா பெரூலிக் தண்ணியில லேசாக் கரையாது, அதுக்கெண்டு தனிக் கரைப்பான் வேணும், விட்டமின் ஈ எண்ணெய்ச் சாமான், அதைத் தண்ணியோட சேக்க இன்னொண்டு வேணும், இப்பிடி ஒண்டை வாங்க மற்றது மற்றதை வாங்க எண்டு போய் கொழும்பில இருந்து கூரியருக்கே பாதிச் சம்பளம் போயிரும். இவ்வளவும் செய்தும் அந்த பி.எச். எண்ணெய்ப் பசையும் பருவும் சேந்த முகத்தில சுள்ளெண்டு எரியும். அதால என்ட முடிவு, அசல் விட்டமின் சி வேணுமெண்டா காத்துப் போகாத பம்ப் போத்தலில வாறதை, சின்னதா, தேதி பாத்து வாங்குங்க, இல்லாட்டி விடுங்க. வீட்டில கலக்கிறண்டா ஒரு கிழமைக்குக் காணுமானதை மட்டும் கலந்து பிரிட்ஜில வச்சு முடிக்கிற பொறுமை வேணும், என்னட்ட அது இல்ல, மச்சாளிட்டயும் இல்ல.

விட்டமின் சி குளிசையை இடிச்சுப் போடலாமா எண்டும் அவ கேட்டா. சப்பிற குளிசையில சீனி, கலர், வாசம், மாவு எல்லாம் கிடக்கு. வேணாம்.

இடையில சோடியம் அஸ்கோர்பைல் பொஸ்பேட் எண்டு ஒண்டு இருக்கு, விட்டமின் சியின்ட சாந்தமான சகோதரம். பி.எச். 6, 7ல நிக்கும், எரியாது, நிறம் மாறுறது குறைவு, 5 வீதத்தில பருவுக்கும் உதவுது எண்டு பாத்திருக்கினம். ஆனா அது தோலுக்குள்ள போய்த்தான் விட்டமின் சியா மாறோணும், அசலுக்கு இருக்கிற அளவு ஆதாரம் இதுக்கு இல்ல. விட்டமின் சிதான் வேணும் எண்டு மனசு அடம்பிடிச்சா வீட்டில கலக்க ஏத்தது இதுதான், மற்றும்படி நான் இதில நிக்கிறேல்ல.

நியாசினமைட்டுக்கு வருவம். இது விட்டமின் பி3, வெள்ளைத் தூள், தண்ணியில சீனி கரையிற மாதிரிக் கரையும், வெளிச்சத்துக்கும் காத்துக்கும் பயப்படாது, எங்கட சூட்டையும் தாங்கும். கச்சான் காத்து வீசுற மாசங்களில வீட்டுக்க வச்ச தேங்காயெண்ணெய்ப் போத்தலே சுடுறமாதிரி இருக்கிற ஊரில இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதைத் தெரிவு செய்வன். வேலை எப்பிடியெண்டா, மெலனினை உண்டாக்கிற செல்லில இருந்து அது மேல் தோல் செல்லுக்குக் கைமாறுறதை இது தடுக்குது, உண்டாகிறதைத் தடுக்கிறேல்ல. 5 வீதத்தில பூசினாக்களுக்கு 12 கிழமையில மெல்லிய கோடுகளும் கறுப்புப் புள்ளியளும் குறைஞ்சதெண்டு ஆய்வு இருக்கு, 2 வீதத்திலயே முகத்தில எண்ணெய் சுரக்கிறது குறைஞ்சதெண்டும் இருக்கு. நெத்தி மினுக்கம், பரு அடையாளம், கண்ணோரக் கோடு எண்ட மச்சாளின்ட மூண்டு முறைப்பாட்டுக்கும் ஒரே தூள். 10 வீதம் போட்டா ரெண்டு மடங்கு வேலை செய்யும் எண்டு நினைக்கிறது பிழை, கூடக்கூட எரிச்சலும் சிவப்பும்தான் கூடும், 5க்கு மேல நான் போறேல்ல.

இதோட அல்பா ஆர்பியூட்டின் சேத்தா மெலனின் உண்டாகிற இடத்திலயே ஒரு பிரேக், கைமாறுற இடத்தில நியாசினமைட் மற்றப் பிரேக். ஐரோப்பாவில முகக் கிறீமுக்கு 2 வீதம் வரைக்கும் பாதுகாப்பு எண்டு அவங்கட விஞ்ஞானக் குழு சொல்லியிருக்கு, அதைத் தாண்ட வேணாம். அது நாள்பட உடைஞ்சா கொஞ்சம் ஹைட்ரோகுவினோன் வரும், அதால அடுப்பில சூடாக்கக் கூடாது, கனகாலம் வச்சிருக்கவும் கூடாது. முதல் தரம் செய்யிறாக்கள் ஆர்பியூட்டின் இல்லாமலே செய்யுங்க, காசும் மிச்சம், முகம் ஒத்துக்கொள்ளாட்டி எது காரணம் எண்டும் தெரியும்.

நான் செய்யிற அளவு இது, 50 கிராமுக்கு. நியாசினமைட் 2.5 கிராம், அல்பா ஆர்பியூட்டின் 1 கிராம், கிளிசரின் 2 கிராம், ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற சோடியம் ஹயலூரோனேட் 0.1 கிராம், தண்ணியில கிடக்கிற இரும்பு செம்பைக் கட்டிப்போடுற டைசோடியம் ஈ.டி.டி.ஏ. 0.05 கிராம், பெனொக்சிஎத்தனோலும் எத்தில்ஹெக்சில்கிளிசரினும் சேத்து வாற பாதுகாப்புத் திரவம் 0.5 கிராம், மிச்சம் 43.85 கிராம் தண்ணி. ஆர்பியூட்டின் விட்டா அந்த ஒரு கிராமையும் தண்ணியாக் கூட்டுங்க. கரண்டி அளவில செய்ய ஏலாது, 0.01 கிராம் காட்டுற சின்னத் தராசு கட்டாயம் வேணும், நகை நிறுக்கிற மாதிரி ஒண்டு ஒன்லைனில விக்குது, பெரிய விலையில்ல. அந்த 0.05 கிராமைத்தான் நிறுக்கக் கஸ்டம், தராசு தடுமாறும், அதுக்கு நான் ஈ.டி.டி.ஏ. 1 கிராமை 99 கிராம் தண்ணியில கரைச்சு அதில 5 கிராம் எடுத்துப் போடுவன், அப்ப மற்றத் தண்ணியில அந்த 4.95 கிராமைக் கழிச்சுக்கொள்ள வேணும், மிச்சக் கரைசலை ஊத்திருங்க, வச்சிருக்க வேணாம்.

தண்ணி எது எண்டுறதில நிறையப் பேர் பிழை விடுறாங்க. எங்கட பக்கம் கிணத்துத் தண்ணி வாவிக்கோ கடலுக்கோ கிட்டயெண்டா உப்புக் கரிக்கும், உள்ளுக்குப் போனா சில இடத்தில இரும்புக்கறை வாளியிலயே தெரியும். பெற்றோல் செட்டில விக்கிற பெற்றரித் தண்ணியை ஆக்கள் சொல்லுவாங்க, அது பெற்றரிக்கு, முகத்துக்கெண்டு சுத்தமா அடைச்சதில்ல. நான் பார்மசியில ஊசி மருந்து கரைக்கிற தண்ணி வாங்குவன், 10 மில்லிக் குப்பி, அஞ்சு எடுத்தா ஒரு தரத்துக்குக் காணும், ஈ.டி.டி.ஏ. கரைசல் போடுறண்டா அதுக்கு வேற பத்து, கிருமியும் இல்ல உப்பும் இல்ல. இதை விட லேசான வழி மட்டக்களப்பு டவுனில எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கலக்கிற முதல் மேசையைத் துடைச்சு, கண்ணாடிக் கிளாஸ், கரண்டி, பிறவுண் போத்தல் எல்லாத்தையும் கழுவிக் காயவிட்டு 70 வீத ஸ்பிரிட்டால துடையுங்க, தலைமயிரைக் கட்டுங்க. சோடியம் ஹயலூரோனேட்டை நேர தண்ணிக்க கொட்டினா சவ்வரிசி மாதிரிக் கட்டி கட்டியா நிக்கும், ஒரு மணித்தியாலம் கிண்டினாலும் உடையாது. முதல்ல அதைக் கிளிசரினில குழைச்சு, அந்தக் கூழை மெல்லமெல்லத் தண்ணிக்க விட்டு, மூடி அரை மணித்தியாலம் வச்சாத் தானா ஊறித் திரவம் கொஞ்சம் வழுவழுப்பா வரும். மறுகா ஈ.டி.டி.ஏ.யும் நியாசினமைட்டும் ஆர்பியூட்டினும், கிண்டக் கிண்டக் கரைஞ்சு தெளியும். கடைசியாத்தான் பெனொக்சிஎத்தனோல் திரவம். அது விட்டவுடன அடியில எண்ணெய்த் துளி மாதிரி உருண்டு நிக்கும், பாத்தாக் கரைஞ்ச மாதிரித் தெரியாட்டியும் கரையும், துளி காணாமப்போற வரைக்கும் அஞ்சு பத்து நிமிசம் கிண்டுங்க, கிண்டாம போத்தலில விட்டா அந்தத் துளி அப்பிடியே ஒரு நாளைக்கு உங்கட கன்னத்தில வந்து எரியும். பிறகு பி.எச். கடதாசி. 5.5க்கும் 6க்கும் இடையில வரோணும், கூட இருந்தா சிற்றிக் அசிட்டைக் கரைச்ச தண்ணி ஒவ்வொரு துளியா விட்டுப் பாருங்க. 4க்குக் கீழ போக விடாதீங்க, அவ்வளவு புளிப்பில நாள்பட நியாசினமைட் நிக்கொற்றினிக் அசிட்டா மாறும், அதுதான் சில பேருக்கு முகம் திடீரெண்டு சிவந்து சுடுற காரணம். விட்டமின் சியையும் இதையும் ஒரே போத்தலில போட வேணாம் எண்டு நான் சொல்றதும் இதுக்காகத்தான், ஒண்டு 3ல வாழும் மற்றது 6ல வாழும். காலையில அது ராவையில இது எண்டு வேற வேறயாப் பூசினா ஒரு பிரச்சினையும் இல்ல.

பாதுகாப்புத் திரவத்தைப் பற்றி ஒரு சொல்லு, ஏனெண்டா "இரசாயனம் வேணாம் அக்கா, விட்டமின் ஈ குளிசை ஒண்டு உடைச்சு விட்டாக் கெடாதுதானே" எண்டு கேக்கிறாக்கள்தான் கூட. விட்டமின் ஈ எண்ணெய் காறல் அடிக்கிறதைத்தான் பிந்த வைக்கும், தண்ணியில வளர்ற பக்டீரியாவுக்கும் பூஞ்சணத்துக்கும் அது ஒண்டும் செய்யாது. தண்ணி இருக்கிற எந்தச் சாமானும் பாதுகாப்புத் திரவம் இல்லாம இருந்தா அது கிருமிக்கு வச்ச சாப்பாடு, கண்ணுக்குக் கிட்டப் பூசுறம், பரு வெடிச்ச காயத்தில பூசுறம். பெனொக்சிஎத்தனோல் ஐரோப்பாவில 1 வீதம் வரைக்கும் அனுமதி, நாங்க போடுறது அதுக்குள்ளதான். அதை விட்டிட்டு இயற்கையாச் செய்யிறண்டு நிக்கிறாக்கள் தயவுசெய்து சீரமே செய்யாதீங்க, நான் மனசார சொல்றன். திரவம் போட்டும் பிரிட்ஜில வச்சு ரெண்டு மாசத்தில முடிக்க வேணும், கலங்கினா, நூல் மாதிரி ஏதும் மிதந்தா, மணம் மாறினா ஊத்திருங்க.

காசுக் கணக்கையும் பாக்கத்தான் வேணும். 100 கிராம் நியாசினமைட் பைக்கெற் ஒண்டு வாங்கினா 5 வீதத்தில 2 கிலோ சீரம் செய்யலாம், அதாவது 50 கிராம் போத்தல் 40. ரெண்டு மாசத்துக்கு ஒரு போத்தலெண்டா ஒராளுக்கு இது ஆறேழு வருசத்துக்கு, அவ்வளவு காலம் அந்தத் தூள் கிடக்காது. அப்ப தராசு, கடதாசி, ஈ.டி.டி.ஏ., திரவம், போத்தல் எல்லாம் கூட்டினா ஒரே ஒராள் தனக்கு மட்டும் செய்யிறது லாபமே இல்ல, கடையில ஒரு 5 வீத நியாசினமைட் சீரம் வாங்கிறது மலிவு. நாலு பேர், அக்கா தங்கச்சி மச்சாள்மார் எண்டு சேந்து ஒரே நாளில ஆளுக்கொரு போத்தல் கலந்தா அப்ப நல்ல லாபம். நாங்க இப்ப அப்பிடித்தான், ரெண்டு மாசத்துக்கொருக்கா ஞாயித்துக்கிழமை பின்னேரம் எங்கட வீட்டு மேசையில. ஆனா விக்கிறதுக்கு இல்ல. வீட்டில கிருமிச் சோதனை செய்ய ஏலாது, அதால சொந்த முகத்துக்கு மட்டும்.

சுருக்கத்துக்கு உண்மையா வேலை செய்யிறது எது எண்டு கேட்டா ரெட்டினோல், ட்ரெட்டினோயின் எல்லாம் சேந்த விட்டமின் ஏ வழி வந்த ரெட்டினோயிட் குடும்பம்தான், நியாசினமைட் இல்ல. அதை நான் மறைக்கேல்ல. வெயிலால வாற முதுமைக்கு ட்ரெட்டினோயின் உதவுது எண்டு 1980களில இருந்தே எழுதி வந்திருக்கிறாங்க, எண்ணெய்ப் பசைத் தோலுக்கும் பருவுக்கும் கூட அது பொருத்தம். ஆனா வீட்டில ரெட்டினோல் கலக்கிறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டன். அது எண்ணெயில கரையிற சாமான், வெளிச்சமும் ஒக்சிஜனும் பட்டா செத்துப்போகும், 0.3 வீதம் எண்டா 30 கிராமுக்கு 0.09 கிராம், தராசு கொஞ்சம் பிழைச்சா முகம் உரிஞ்சு போகும். அது வேணுமெண்டாத் தோல் டொக்டரைக் கண்டு அதே குடும்பத்து அடாபலீன் ஜெல்லோ வேற எதுவுமோ எழுதி வாங்கி, கிழமைக்கு ரெண்டு ராத்திரி, பயறளவு, அப்பிடித் தொடங்குங்க. வயித்தில புள்ள இருக்கிறாக்களும் புள்ள தங்க வேணும் எண்டு பாக்கிறாக்களும் அதைத் தொடவே கூடாது.

அதுக்குப் பதிலா பக்கூச்சியோல் எண்டு ஒண்டைச் சொல்றாங்க. 44 பேரை வச்சு 12 கிழமை பாத்த ஆய்வில 0.5 வீத பக்கூச்சியோலும் 0.5 வீத ரெட்டினோலும் சுருக்கத்திலயும் நிறத்திலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, உரியிறதும் எரியிறதும் பக்கூச்சியோலுக்குக் குறைவு. சின்ன ஆய்வுதான். இது எந்தச் செடியில இருந்து வருது எண்டு பாத்தா எங்கட நாட்டு மருந்துக் கடையில கிடக்கிற கார்போகரிசி! இதைக் கேட்டவுடன மச்சாள் "அப்ப அதை இடிச்சு நல்லெண்ணெயில ஊறப்போட்டாப் போச்சே" எண்டா. ஐயோ வேணாம். அந்த அரிசியில சோராலென் எண்ட பொருளும் இருக்கு, வெண்குஸ்டத்துக்கு அந்தக் காலத்து வைத்தியர்மார் கார்போகரிசியைப் பாவிச்சதே அது வெயிலோட சேந்து தோலைக் கறுக்க வைக்கும் எண்டுறதாலதான். முகம் தெளிய வேணுமெண்டு அதைப் பூசினா நேர் எதிர் வேலை நடக்கும், கொப்புளிக்கவும் செய்யும். கடையில வாற பக்கூச்சியோல் சோராலெனைப் பிரிச்செடுத்த சுத்தச் சாமான், வாங்கிறண்டா அதை வாங்குங்க.

லேபல் இல்லாத கிறீமைப் பற்றிச் சொல்லாம விட ஏலாது. எங்கட சொந்தத்தில ஒரு புள்ளைக்குக் கல்யாணம் பேசி வரக்குள்ள "புள்ள கொஞ்சம் நிறம் குறைவு" எண்டு ஆரோ சொல்லிப்போட்டாங்க, அந்த ஒரு சொல்லுக்காக அவ ஒரு ஃபேன்சிக் கடையில சின்ன டப்பி ஒண்டு வாங்கிப் பூசினா. மூணு கிழமையில பளிச்செண்டு வந்தது, எல்லாரும் என்ன பூசுறாய் எண்டு கேட்டாங்க. ரெண்டு மாசத்தில கன்னத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிஞ்சு உள்ளுக்க சிவப்பு நரம்பு நூல் நூலாத் தெரிஞ்சது, பூசாம விட்ட நாளில முகம் முழுக்கக் கொதிச்சுப் பரு. நான் அந்த டப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தன், என்ன போட்டிருக்கு எண்டு ஒரு வரி இல்ல, செய்த இடம் இல்ல, தேதி இல்ல. டொக்டர் பாத்திட்டு ஸ்டீரோயிட் எண்டார், திடீரெண்டு நிப்பாட்டாம மெல்லமெல்லக் குறைக்கச் சொல்லி வழி சொன்னார், முகம் பழையபடி வர ஒரு வருசத்துக்கு மேல போச்சு. சில கிறீமில பாதரசமும் கிடக்கும், அது தோலோட நிக்காது, சிறுநீரகத்தைப் பழுதாக்கும், பூசுறாக்களோட ஒரே தலகணியில படுக்கிற குழந்தைப் புள்ளைக்கும் போகும். அவ்வளவு கெதியா வெளுப்பாக்கிற சாமான் எதையும் வீட்டுக்க எடுக்காதீங்க, புள்ளையளுக்கு அந்தச் சொல்லையும் சொல்லாதீங்க.

இவ்வளவும் சொல்லியும் சன்ஸ்கிரீன் போடாட்டி மேல சொன்ன எதையும் வாங்காதீங்க. மட்டக்களப்பு பூமத்திய ரேகையில இருந்து எட்டுப் பாகைக்குள்ள இருக்கு, மத்தியான வெயிலின்ட புற ஊதாக்கதிர்ச் சுட்டெண் (யூ.வி. இன்டெக்ஸ்) 11க்கு மேல போறது இங்க சாதாரணம். ஆஸ்திரேலியாவில நம்போர் எண்ட ஊரில 903 பேரை நாலரை வருசம் பாத்த ஆய்வு 2013ல வந்தது, ஒவ்வொரு நாளும் சன்ஸ்கிரீன் பூசினாக்களுக்குத் தோல் முதுமை மற்றாக்களை விட 24 வீதம் குறைவு. மச்சாள் கேட்ட கண்ணோரக் கோட்டுக்கு இதை விட உறுதியா எந்தச் சீரத்தையும் என்னால காட்ட ஏலாது. எஸ்.பி.எஃப். 30க்கு மேல, ஜெல் மாதிரி வாறது எண்ணெய் முகத்துக்கு ஒத்துவரும், ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும், வெளியில நிண்டா ரெண்டு மணித்தியாலத்துக்கொருக்கா திருப்பி. பரு அடையாளம் உள்ளாக்கள் லேசாத் தோல் கலர் கலந்த சன்ஸ்கிரீன் கிடைச்சா அதை எடுங்க, அதில இருக்கிற இரும்பு ஒக்சைட் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தையும் மறிக்கும், எங்கட நிறத் தோலை அந்த வெளிச்சமும் கறுக்க வைக்கும். காசு ஒண்டுக்கு மட்டும்தான் காணும் எண்டா சீரத்தை விட்டிட்டு இதை வாங்குங்க, தொப்பியும் குடையும் சும்மாவே கிடைக்குது.

மச்சாள் கடைசியில துண்டில இருந்த ஆறு சாமானில அஞ்சை வெட்டிப்போட்டு நியாசினமைட்டை மட்டும் விட்டா, ஆர்பியூட்டினை அடுத்த தரம் பாப்பம் எண்டா. தேசிக்காயை மத்தியானம் மீன்சொதிக்குப் பிழிஞ்சம். பின்னேரம் ரெண்டு பேரும் கலந்தம், பி.எச். கடதாசி 6ல நிண்டது, அவவே துளி விட்டு 5.5க்குக் கொண்டு வந்தா. போத்தலில பிளாஸ்டர் ஒட்டித் தேதி எழுதி, முழங்கை மடிப்புக்குள்ள ராவும் பகலும் ஒரு கிழமை பூசிப் பாக்கச் சொன்னன். சொறியோ சிவப்போ இல்லாட்டித்தான் முகத்துக்கு, அதுவும் முதல் ரெண்டு கிழமை ராவையில மட்டும், நாலு துளி. கறுப்பு அடையாளம் மங்கினதோ எண்டு பாக்க அண்டைக்கு யன்னலுக்குப் பக்கத்தில வச்சு ஒரு போட்டோ எடுத்தம், 12 கிழமை முடிய அதே யன்னல், அதே நேரத்தில மற்றது எடுப்பம். நேத்து ராவு கோல் எடுத்தா, மூணாம் நாள், கை ஒண்டும் செய்யேல்லையாம்.